நாக்கில் குற்றமில்லை

பொன்னேரியிலும் கும்மிடிப்பூண்டியிலும் திருவள்ளூரிலும் மின்கம்பங்களில் கட்டியிருக்கும் ஸ்போக்கன் இங்கிலீஷ் தட்டிகளை நின்று படித்தால் ஒரு விஷயம் பிடிபடும். மொழியைவிட ஓசைதான் அங்கே அதிகம் விலைபோகிறது. ஆக்சென்ட் டிரெயினிங், எம்.டி.ஐ. ரிமூவல், ஃபாரின் ஸ்டைல் ஃப்ளூயன்சி என்று கொட்டை எழுத்தில் வாக்குறுதிகள்.

எம்.டி.ஐ. என்றால் தாய்மொழியின் தாக்கம். கம்பெனிகளின் மனிதவளப் பிரிவில் இந்த மூன்றெழுத்தை ஒரு நோயின் பெயரைப்போல் சொல்கிறார்கள். ‘நாலெட்ஜ் ஓகே சார், எம்.டி.ஐ. கொஞ்சம் ஹெவி’ என்று நேர்காணல் தாளில் ஒரு வரி விழுந்தால் போதும். பாலிடெக்னிக்கில் மூன்று வருஷம் லேத்தோடும் வெல்டிங் ராடோடும் மாரடித்த படிப்பு அந்த ஒரு வரியில் அடிபட்டுப் போகும்.

இதற்கெல்லாம் அடியில் கிடக்கும் நம்பிக்கை இதுதான்: ஆங்கிலம் தெரிவதென்றால் ஆங்கிலேயரைப் போலவோ அமெரிக்கரைப் போலவோ ஒலிப்பது, தமிழ் வாடை அடித்தால் வெளிநாட்டுக்காரருக்குப் புரியாது, ஆகவே முதலில் நாக்கைத் திருத்து, பிறகு வேலை தேடு. பெற்றோர் நம்புகிறார்கள். ஆசிரியர்கள் நம்புகிறார்கள். பாவம், அந்தப் பிள்ளையும் நம்புகிறது.

இந்த நம்பிக்கையின் மூன்று பகுதிகளுமே பொய். உச்சரிப்பு எப்படியிருந்தாலும் பரவாயில்லை என்று நான் சொல்ல வரவில்லை. உச்சரிப்பு மிக முக்கியம். அதனால்தான் அதைக் கற்பிக்கிறேன் என்ற பெயரில் நடக்கும் இந்த வீண்வேலையைக் கண்டிக்க வேண்டியிருக்கிறது.

கேட்பவர் யார்?

திருவள்ளூர் மாவட்டத்தின் வடக்கு மூலையில் யார் யாரோடு ஆங்கிலம் பேசுகிறார்கள் என்று முதலில் பார்ப்போம். தேர்வாய்கண்டிகை சிப்காட்டில் மிஷெலின் டயர் ஆலை இருக்கிறது, பிரெஞ்சு நிறுவனம். பெருவாயலில் மகேந்திராவும் சுமிடோமோவும் சேர்ந்து அமைத்த தொழிற்பூங்காவுக்கு மிட்சுபிஷி எலெக்ட்ரிக் வந்திருக்கிறது, ஜப்பான் நிறுவனம். ஆரம்பாக்கம் தாண்டி ஆந்திர எல்லைக்குள் போனால் ஸ்ரீசிட்டி. அங்கும் ஜப்பானியர் கூட்டம். கும்மிடிப்பூண்டியின் உருக்காலைகளிலும் ரோலிங் மில்களிலும் ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட் தொழிலாளர்கள். எல்லையோரக் கிராமங்களில் வீட்டுக்குள் தெலுங்கும் வெளியே தமிழும் பேசுகிற குடும்பங்கள். கிழக்கே, 2001இல் தொடங்கிய எண்ணூர் காமராஜர் துறைமுகமும் காட்டுப்பள்ளித் துறைமுகமும்; அங்கு வந்துபோகும் சரக்குக் கப்பல்களில் பல நாட்டு மாலுமிகள்.

இந்த வரிசையில் லண்டன்காரர் எங்கே நிற்கிறார்? திருவள்ளூரில் அமெரிக்க கேட்டர்பில்லர் ஆலை இருக்கிறதே என்று கேட்கலாம். இருக்கிறது. அங்கும் ஷிஃப்டுக்கு ஷிஃப்ட் பேசிக்கொள்பவர்கள் பெரும்பாலும் நம் ஊர்க்காரர்கள்தாம். இந்த வட்டாரத்தில் ஆங்கிலம் என்பது, அதைத் தாய்மொழியாகக் கொள்ளாத ஒருவர் அதைத் தாய்மொழியாகக் கொள்ளாத இன்னொருவரோடு பேசும் மொழி. ஒடியாக்காரரும் தமிழரும் ஜப்பானியரும் ஒரு பழுதான மோட்டாரைச் சுற்றி நிற்கும்போது, அங்கே இல்லாத ஒரு லண்டன்காரரின் காதுக்கு ஏற்ப யாரும் வாயை வளைக்கத் தேவையில்லை.

இன்னொன்றையும் கவனியுங்கள். ஜப்பானியப் பொறியாளர் ஆங்கிலம் பேசும்போது ரகரமும் லகரமும் குழம்பும்; மெய்யில் முடிய வேண்டிய சொல்லின் கடைசியில் ஓர் உயிர் ஒட்டிக்கொள்ளும். பிரெஞ்சுக்காரர் சொல்லின் முதலில் வரும் ஹகரத்தை விழுங்கிவிடுவார். அவர்களுக்கு எம்.டி.ஐ. ஹெவி என்று யாரும் குறிப்பெழுதியதில்லை. அவர்கள் பேசும்போது நாம் காதைத் தீட்டிக்கொண்டு கேட்கிறோம், புரியாவிட்டால் மரியாதையாக இன்னொரு முறை கேட்கிறோம். நம் பையன் பேசும்போது மட்டும் அது குறை. அந்த அளவுகோல் மொழியை அளக்கவில்லை. நாற்காலியின் உயரத்தை அளக்கிறது.

ஆராய்ச்சி என்ன சொல்கிறது?

தமிழ் வாடை அடித்தால் புரியாது என்பது சோதித்துப் பார்க்கக்கூடிய கூற்று. சோதித்தும் பார்த்திருக்கிறார்கள்.

1979இல் லாரி ஸ்மித்தும் கலிலுல்லா ரஃபிக்சாத்தும் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். இந்தியா, இலங்கை, ஜப்பான், கொரியா, மலேசியா, அமெரிக்கா உள்ளிட்ட ஒன்பது நாடுகளின் படித்தவர்கள் பேசிய ஆங்கிலத்தைப் பதிவு செய்து, பதினொரு நாடுகளில் போட்டுக்காட்டினார்கள். கேட்டவர்களுக்கு எவ்வளவு புரிந்தது என்று அளந்தார்கள். தாய்மொழியாகவே ஆங்கிலம் பேசிய அமெரிக்கர் எல்லா இடத்திலும் முதலிடம் பிடித்திருக்க வேண்டுமல்லவா? மிகக் குறைவாகப் புரிந்த பேச்சுகளின் வரிசையில்தான் அவருடையது இருந்தது.

1995இல் கனடாவின் மர்ரே மன்றோவும் டிரேசி டெர்விங்கும் செய்த ஆய்வு இன்னும் நேரடியானது. சீனம் பேசுபவர்களின் ஆங்கிலத்தை, ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களிடம் கொடுத்து, கேட்டதை அப்படியே எழுதச் சொன்னார்கள். கூடவே உச்சரிப்பில் அந்நிய வாடை எவ்வளவு என்று மதிப்பெண்ணும் போடச் சொன்னார்கள். வாடை மிக அதிகம் என்று மதிப்பெண் வாங்கிய பல வாக்கியங்களை அதே ஆட்கள் ஒரு சொல் பிசகாமல் எழுதியிருந்தார்கள். வாடை வேறு, புரிதல் வேறு. ஒன்று கூடினால் மற்றது குறைந்தே தீரும் என்ற நம் கணக்கு அங்கேயே உடைந்துவிட்டது.

ஐரோப்பாவும் இதை ஏற்றுக்கொண்டது. மொழித்திறனை ஆறு படிகளாகப் பிரிக்கும் ஐரோப்பிய கவுன்சிலின் அளவுகோலை உலகம் முழுக்கப் பயன்படுத்துகிறார்கள். 2018இல் அதன் உச்சரிப்புப் பகுதியைத் திருத்தி எழுதியபோது, தாய்மொழியாளரை உரைகல்லாக வைக்கும் பழைய போக்கைக் கைவிட்டு, கேட்பவருக்குப் புரிகிறதா என்பதை மையத்தில் வைத்தார்கள். ஐரோப்பா கழற்றிப் போட்ட கண்ணாடியைப் பொன்னேரியில் நாம் காசு கொடுத்து மாட்டிக்கொண்டிருக்கிறோம்.

வானிலும் கடலிலும்

‘ஆராய்ச்சியெல்லாம் ஏட்டுச் சுரைக்காய், நடைமுறைக்கு வாருங்கள்’ என்பவர்களுக்காக, ஒரு சொல் பிசகினால் உயிர் போகும் இரண்டு தொழில்களைப் பார்ப்போம்.

1996 நவம்பர் 12 அன்று ஹரியானாவின் சர்கி தாத்ரிக்கு மேலே சவுதி விமானமும் கசகஸ்தான் விமானமும் நடுவானில் மோதின. 349 பேர் இறந்தார்கள். கசகஸ்தான் விமானம் தனக்குச் சொல்லப்பட்ட 15,000 அடியில் நிற்காமல் கீழே இறங்கியிருந்தது. அதன் விமானிகளின் ஆங்கில அறிவுக் குறைவு அப்போது பெரிதாகப் பேசப்பட்டது. சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு 2003இல் விமானிகளுக்கும் கட்டுப்பாட்டாளர்களுக்கும் ஆங்கிலத் தகுதி விதிகளைக் கொண்டுவந்தது. 2008இல் அவை நடைமுறைக்கு வந்தன.

அந்த விதிகள் உச்சரிப்பைப் பற்றி என்ன சொல்கின்றன? பணியாற்றத் தேவையான நான்காம் நிலையில், தாய்மொழியின் தாக்கமோ வட்டார வழக்கின் தாக்கமோ இருக்கும் என்று ஒத்துக்கொள்கின்றன. அது சில சமயங்களில் மட்டுமே புரிதலைக் கெடுக்கலாம், அவ்வளவே நிபந்தனை. மிக உயர்ந்த ஆறாம் நிலையில்கூட தாய்மொழியின் தாக்கம் இருக்கலாம் என்றுதான் எழுதியிருக்கிறது. நம் ஊர் நேர்காணல் அறையில் நோயாகத் தெரியும் எம்.டி.ஐ., 35,000 அடி உயரத்தில் முந்நூறு உயிர்களைச் சுமந்து பறப்பவருக்கு இயல்பான ஒன்று.

இதைவிடச் சுவையான செய்தி ஒன்று உண்டு. ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பில் முதல் வாரமே பிள்ளைகளின் நாக்கைப் பல்லுக்கு வெளியே நீட்டவைத்து, மூன்று என்பதற்கான ஆங்கிலச் சொல்லைக் காற்று கசிய உச்சரிக்கப் பழக்குவார்கள். நீட்டாத பிள்ளைக்கு வகுப்பில் மானம் போகும். விமானப் போக்குவரத்து அமைப்போ, வானொலியில் மூன்றை ‘ட்ரீ’ என்றும் ஆயிரத்தை ‘டவ்சண்ட்’ என்றும் சொல்லச் சொல்லி எழுத்திலேயே விதித்திருக்கிறது. அந்தக் கசியும் ஒலி இரைச்சலில் கரைந்துவிடும், உலகத்தில் பாதிப் பேருக்கு வராது என்று தெரிந்து அதைத் தூக்கி எறிந்துவிட்டார்கள். ஐந்தை ‘ஃபைஃப்’ என்றும் ஒன்பதை ‘நைனர்’ என்றும் மாற்றினார்கள். லண்டன் காதுக்கு இனிமையாக இருக்கிறதா என்று அவர்கள் பார்க்கவில்லை. தெளிவாகக் கேட்கிறதா என்று பார்த்தார்கள்.

கடலிலும் அதே கதை. சர்வதேசக் கடல்சார் அமைப்பு 2001இல் கப்பல்களுக்கான நிலையான ஆங்கிலத் தொடர்களை ஏற்றுக்கொண்டது. அதன்படி எண்களை ஒவ்வோர் இலக்கமாகப் பிரித்துச் சொல்ல வேண்டும். நூற்றைம்பது என்பதை ‘ஒன், ஃபைவ், ஜீரோ’ என்பார்கள். பதினைந்தா ஐம்பதா என்ற குழப்பத்துக்கே இடமில்லை. மாலுமியின் உச்சரிப்பைத் திருத்துவதற்குப் பதிலாக, எந்த உச்சரிப்பிலும் உடையாத சொல்முறையை அமைத்துக் கொடுத்தார்கள். காட்டுப்பள்ளியில் கப்பல் கட்டும் மேடை வரை வந்துவிட்ட இந்த அறிவு, சற்றுத் தள்ளியிருக்கும் சிப்காட் கேட்டைத் தாண்டி உள்ளே வரவில்லை.

தமிழ் வாயின் வரவு செலவு

உச்சரிப்பில் எது புரிதலைக் கெடுக்கும், எது கெடுக்காது என்று பிரித்துப் பார்க்க முடியும். ஜெனிஃபர் ஜென்கின்ஸ் 2000இல் வெளியிட்ட நூலில் இந்தப் பட்டியலைத்தான் போட்டார். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாதவர்கள் தங்களுக்குள் பேசும்போது எங்கெல்லாம் பேச்சு அறுந்தது என்று கவனித்து, அறுக்கும் ஒலிகளைத் தனியே எடுத்து வைத்தார். அந்தப் பட்டியலை நம் வாயோடு ஒப்பிட்டுப் பார்த்தால், வரவுப் பக்கம் கனமாகவே இருக்கிறது.

உயிரின் நீளம் மிக முக்கியம் என்கிறார் அவர். குறிலும் நெடிலும் தமிழனுக்கு ஒன்றாம் வகுப்புப் பாடம். ‘படு’வையும் ‘பாடு’வையும் நாம் குழப்பிக்கொள்வதில்லை. கப்பலையும் ஆட்டையும் குறிக்கும் ‘ஷிப், ஷீப்’ சோடியில் பல நாட்டவர் தடுமாறும்போது நம் பிள்ளை தடுமாறாது. எழுத்தில் உள்ள ரகரத்தை எல்லா இடத்திலும் ஒலிப்பது நல்லது என்கிறார். அதை நாம் சொல்லாமலே செய்கிறோம். லண்டன் பாணி பழக்கும் வகுப்புதான் அந்த ரகரத்தை விழுங்கக் கற்றுக்கொடுத்து, இருந்த தெளிவையும் கெடுக்கிறது. நாக்கை நீட்டும் அந்தக் கசியும் ஒலி அவருடைய பட்டியலிலேயே இல்லை. நாம் அந்த இடத்தில் பல்லில் நாக்கைத் தொட்டுத் தகரம் சொல்கிறோம். அயர்லாந்திலும் பலர் அப்படித்தான் சொல்கிறார்கள். நாக்கை மேலண்ணத்தில் மடித்து நாம் சொல்லும் டகரம் எங்கிருந்து வந்தவர் என்று காட்டிக்கொடுக்கும். என்ன சொன்னார் என்பதை மறைக்காது.

செலவுப் பக்கத்தில் இருப்பவை சில. அவற்றை ஒளிக்காமல் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஒரு நல்ல வகுப்பு நேரத்தைச் செலவிட வேண்டியது இங்கேதான்.

முதலாவது, வல்லினத்தின் இரண்டு முகங்கள். அளவு பார்க்கும் கருவியும் கூண்டும் தமிழ் எழுத்தில் ‘கேஜ்’தான். இடைவெளியும் மூடியும் ‘கேப்’தான். துளைபோடும் டிரில் முனையும் தரையில் தோண்டிய குழியும் ‘பிட்’தான். தண்ணீர் இறைக்கும் இயந்திரமும் இடித்துக்கொள்வதும் ‘பம்ப்’தான். வொர்க்‌ஷாப்பில் தினமும் புழங்கும் சொற்கள் இவை. எழுத்து ஒன்றாக இருப்பதால் ஒலியும் சிலருக்கு ஒன்றாகிவிடுகிறது. அதோடு, சொல்லின் முதலில் வரும் ககர, டகர, பகரத்தை ஆங்கிலக்காரர் மூச்சை வெடித்துவிட்டுச் சொல்வார். நாம் மூச்சு விடாமல் சொல்வோம். அந்த வெடிப்பை எதிர்பார்க்கும் காதுக்கு நம் குழி டிரில் முனையாகக் கேட்கலாம். மருந்து எளியது. உள்ளங்கையை வாய்க்கு முன்னால் வைத்து மூச்சு படுகிறதா என்று பார். தொண்டையில் விரல் வைத்து அதிர்வு வருகிறதா என்று பார். எழுத்து எங்கே பிறக்கிறது, மூச்சு எப்படி எழுகிறது, நாக்கு எங்கே படுகிறது என்று சொல்ல தொல்காப்பியத்தில் பிறப்பியல் என்று ஓர் இயலே உண்டு. அந்த மரபில் வந்தவர்களுக்கு இந்தப் பயிற்சி அந்நியமாக இருக்கக் காரணமில்லை.

இரண்டாவது, சொல்லின் வால். போல்ட்டு, நட்டு, டெஸ்ட்டு என்று கடைசியில் உகரம் சேர்ப்பது நம் நாக்கின் இயல்பு. தனிச்சொல்லில் கெடுதலில்லை, நீண்ட வாக்கியத்தில் அது அடுத்த சொல்லோடு ஒட்டி, எது எங்கே முடிந்தது என்று தெரியாமல் செய்யும். மூன்றாவது, பகரமாகிவிடும் ஃபகரமும், ஜகரமாகவோ சகரமாகவோ மாறிவிடும் ‘இசட்’ என்ற அதிர்வுச் சகரமும். நான்காவது, பதிமூன்றும் முப்பதும், பதினைந்தும் ஐம்பதும். இங்கே கடலோடிகளிடம் கற்றுக்கொண்டு இலக்கம் இலக்கமாகச் சொல்வதே உத்தமம். ஐந்தாவது, முடியும், முடியாது என்பதற்கான ஆங்கிலச் சொற்கள். எதிர்மறையின் கடைசி ஒலி அமெரிக்கர் வாயிலேயே காணாமல் போகும். ‘கேன் நாட்’ என்று முழுசாகச் சொல்லிப் பழகினால் விபத்து குறையும்.

சொல்லுக்குள் அழுத்தம் எங்கே விழ வேண்டும் என்பதில் அறிஞர்களிடையே ஒத்த கருத்து இல்லை. ஜென்கின்ஸ் அதை அவசியமில்லாததாக ஒதுக்கினார். ஹைதராபாத்தின் மத்திய ஆங்கில நிறுவனத்தில் பணியாற்றிய ஆர். கே. பன்சால், இந்தியர்களின் ஆங்கிலம் எவ்வளவு புரிகிறது என்று ஆராய்ந்து 1969இல் வெளியிட்ட நூலில், தவறான அழுத்தத்தை முக்கியக் காரணங்களில் ஒன்றாகச் சொன்னார். என் தீர்ப்பு பன்சால் பக்கம் சற்றுச் சாய்கிறது: அன்றாடம் புழங்கும் தொழிற்சொற்களுக்கு மட்டுமாவது அழுத்தம் சொல்லித்தரலாம். அதையும் சேர்த்தாலும் பாடத்திட்டம் ஒரு கைக்குள் அடங்கிவிடும். ஆக்சென்ட் டிரெயினிங்கோ, நாக்கை நீட்டுவதில் தொடங்கி அமெரிக்கப் படங்களைப் பார்த்து முணுமுணுப்பது வரை போகும். கேஜையும் கேப்பையும் தொடவே தொடாது.

நம்பிக்கை எங்கிருந்து வந்தது?

1917இல் டேனியல் ஜோன்ஸ் ஆங்கில உச்சரிப்பு அகராதியை வெளியிட்டபோது, அதில் பதிந்த உச்சரிப்புக்குப் ‘பப்ளிக் ஸ்கூல் உச்சரிப்பு’ என்று பெயர் வைத்தார். இங்கிலாந்தில் பப்ளிக் ஸ்கூல் என்றால் பணக்காரப் பிள்ளைகள் தங்கிப் படிக்கும் தனியார் பள்ளி. 1926 பதிப்பில்தான் அதற்கு ‘ஏற்கப்பட்ட உச்சரிப்பு’ என்று நாகரிகப் பெயர் வந்தது. அதைப் பேசுபவர்கள் இங்கிலாந்திலேயே நூற்றுக்கு மூன்று பேர் அளவில்தான் இருப்பார்கள் என்பது மொழியியலாளர் பீட்டர் டிரட்கில்லின் புகழ்பெற்ற மதிப்பீடு. இரண்டாம் உலகப் போரின்போது பி.பி.சி., யார்க்‌ஷயர்க்காரரான வில்ஃப்ரெட் பிக்கிள்ஸைச் செய்தி வாசிக்க வைத்தது. கேட்டவர்களில் பலர் புகார் செய்தார்கள்: இந்த உச்சரிப்பில் சொன்னால் செய்தியை நம்ப முடியவில்லையாம். அவர் பேசியது புரியாமலில்லை. அவர் எந்த வர்க்கம் என்று புரிந்துவிட்டது, அதுதான் பிரச்சினை.

நாம் இறக்குமதி செய்தது அந்தப் பப்ளிக் ஸ்கூல் ஓசையை மட்டுமா? அதோடு வந்த மேட்டிமையையும்தான். நம்மிடம் ஏற்கெனவே சொந்தச் சரக்கு நிறைய இருந்ததால் இரண்டும் நன்றாகக் கலந்துவிட்டன. திருவள்ளூர் மாவட்டத்துப் பிள்ளை முதலில் தமிழுக்காகவே கேலிக்கு ஆளாகிறது. வடசென்னையை ஒட்டிய ஊர் என்றால் மெட்ராஸ் பாஷை என்பார்கள். எல்லைப்புறம் என்றால் தெலுங்கு வாடை என்பார்கள். பிறகு ஆங்கிலத்துக்காக இன்னொரு கேலி. வீட்டில் ஆங்கிலம் கேட்டு வளர்ந்த, கான்வென்ட்டில் படித்த, பரம்பரையாகப் படித்த குடும்பத்துப் பிள்ளைக்கு இந்த இரண்டு கேலியும் கிடையாது. ஆக்சென்ட் சரியில்லை என்ற இரண்டு சொல் குறிப்புக்குள் சாதி, வர்க்கம், ஊர் மூன்றும் ஒளிந்துகொள்ள வசதியாக இடம் கிடைக்கிறது. சாதியைக் கேட்டால் வழக்கு வரும்; ஆக்சென்ட்டைக் கேட்டால் ‘கம்யூனிகேஷன் ஸ்கில்’.

இந்த மாவட்டத்திலேயே இதற்கு மறுப்பு இருக்கிறது. 1888இல் திருத்தணியில் தெலுங்கு பேசும் எளிய குடும்பத்தில் பிறந்தார் சர்வபள்ளி ராதாகிருஷ்ணன். படித்ததெல்லாம் திருத்தணி, திருப்பதி, வேலூர், சென்னை. இங்கிலாந்துக்கு அவர் படிக்கப் போகவில்லை, கற்பிக்கப் போனார். 1936இல் ஆக்ஸ்ஃபோர்டில் கீழை மதங்களுக்கான ஸ்பால்டிங் பேராசிரியரானார். அவருடைய பேச்சின் ஒலிப்பதிவுகள் இன்றும் கிடைக்கின்றன. அது தென்னிந்திய நாக்கு என்று முதல் வாக்கியத்திலேயே தெரியும். ஆக்ஸ்ஃபோர்டு உட்கார்ந்து கேட்டது. அதே நாக்கோடு இன்று ஒரு திருத்தணிப் பையன் நேர்காணலுக்குப் போனால், ‘எம்.டி.ஐ. ஹெவி’.

மறுப்புகளுக்கு மறுப்பு

‘எல்லாம் சரி, வெளிநாட்டுக்காரர்கள் நம் பேச்சு புரியவில்லை என்கிறார்களே?’ சில சமயம் உண்மையிலேயே புரியாது. அதற்கு மருந்து மேலே சொன்ன ஐந்தாறு பயிற்சிகள். சில சமயம் பிரச்சினை காதில் இருக்கிறது. 1992இல் அமெரிக்காவில் டொனால்ட் ரூபின் மாணவர்களுக்கு ஒரு விரிவுரையின் பதிவைப் போட்டுக்காட்டினார். குரல் ஒன்றுதான், அமெரிக்கக் குரல். சிலருக்கு வெள்ளைக்காரப் பெண்ணின் படத்தையும் சிலருக்கு ஆசியப் பெண்ணின் படத்தையும் காட்டினார். ஆசிய முகத்தைப் பார்த்தவர்கள் இல்லாத அந்நிய வாடையைக் கேட்டார்கள்; விரிவுரையையும் குறைவாகவே புரிந்துகொண்டார்கள். 2010இல் ஷிரி லெவ் ஆரியும் போவாஸ் கெய்சரும் செய்த ஆய்வில், ஒட்டகத்தைவிட ஒட்டகச்சிவிங்கி அதிக நாள் தண்ணீரில்லாமல் இருக்கும் என்பது போன்ற பொதுத் தகவல்களை அந்நிய உச்சரிப்பில் கேட்டவர்கள் அவற்றைக் குறைவாகவே நம்பினார்கள். முகத்தைப் பார்த்தே அடைத்துக்கொள்ளும் காதுக்காக எந்த நாக்கை எவ்வளவு சீவினாலும் போதாது.

‘கால் சென்டர் வேலைக்கு ஆக்சென்ட் வேண்டாமா?’ இருபது வருஷத்துக்கு முன்னால் இந்த வாதத்துக்குக் கொஞ்சம் உயிர் இருந்தது. 2025இல் டெலிபெர்ஃபார்மன்ஸ் நிறுவனம், இந்திய ஊழியர் பேசிக்கொண்டிருக்கும்போதே அவருடைய உச்சரிப்பை மாற்றிக் கேட்கவைக்கும் சானாஸ் மென்பொருளைப் பயன்படுத்தத் தொடங்கியது. அந்த ஏற்பாட்டின் மேல் எனக்கு ஆயிரம் விமர்சனம் உண்டு. ஆனால் ஒன்று நிச்சயம்: மென்பொருள் நொடியில் பூசிவிடும் வர்ணத்தைக் கற்றுக்கொள்ள ஒரு பிள்ளை தன் ஆறு மாதத்தையும் அப்பாவின் சம்பளத்தையும் செலவழிப்பது மூடத்தனம். விளக்குவது, கேள்வி கேட்பது, புரியாததைப் புரியவில்லை என்று சொல்வது, இவற்றை எந்த மென்பொருளும் அந்தப் பிள்ளைக்காகச் செய்யாது.

‘நேர்காணல் எடுப்பவர்கள் ஆக்சென்ட்டைத்தானே பார்க்கிறார்கள்? கொள்கை பேசி எங்கள் பிள்ளையின் வேலையைக் கெடுக்காதீர்கள்.’ இந்தக் கவலை நியாயமானது; பதில் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன். ஆனால் அந்தப் பயிற்சி என்ன விளைவைத் தருகிறது என்று பாருங்கள். வாயைத் திறந்தால் தமிழ் வாடை வந்துவிடும் என்ற பயத்தில் பிள்ளை பேச்சையே குறைத்துக்கொள்கிறது. பழகிய நாலு வாக்கியத்தை அமெரிக்க ராகத்தில் ஒப்பிக்கிறது. ஐந்தாவது கேள்வி வந்ததும் ராகமும் போய், சொந்தக் குரலும் வராமல், உட்கார்ந்துவிடுகிறது. பேசத் தெரிந்த பிள்ளையை ஊமையாக்கி அனுப்புவதற்குப் பெயர் பயிற்சியா? மேலும், நேர்காணல் எடுப்பவரின் தவறான அளவுகோலுக்கு ஏற்பப் பிள்ளையை வெட்டுவதைவிட, அந்த அளவுகோலை மாற்றச் சொல்வதுதானே முறை?

செய்ய வேண்டியது

தொழிற்சாலைகள் முதலில் செய்ய வேண்டியது, மதிப்பீட்டுத் தாளிலிருந்து ஆக்சென்ட் என்ற கட்டத்தையும் எம்.டி.ஐ. என்ற குறிப்பையும் அடித்துவிடுவது. அதற்குப் பதிலாக ஒரு சோதனை வையுங்கள். ஓர் இயந்திரக் கோளாற்றை விண்ணப்பதாரர் ஆங்கிலத்தில் விளக்கட்டும். அவரைப் பார்க்காத ஒருவர், முடிந்தால் வேறு மொழிக்காரர், கேட்டு எழுதட்டும். எழுதியது சரியாக இருந்தால் அவருக்கு ஆங்கிலம் தெரியும். இதைவிட நேர்மையான கம்யூனிகேஷன் டெஸ்ட் கிடையாது.

இரண்டாவது, வானிலும் கடலிலும் இருக்கும் ஒழுங்கைத் தரைக்குக் கொண்டுவருவது. கிரேன் ஆபரேட்டருக்கும் கீழே நிற்கும் ரிக்கருக்கும், ஃபர்னஸ் மேடைக்கும் கன்ட்ரோல் ரூமுக்கும் நடுவே என்ன சொல் புழங்க வேண்டும் என்று நிர்ணயம் செய்யுங்கள். எண்களை இலக்கமாகச் சொல்லவும், கேட்டவர் கேட்டதைத் திருப்பிச் சொல்லவும் வேலை தொடங்குமுன் நடக்கும் டூல்பாக்ஸ் டாக்கில் தினமும் பழக்குங்கள். ஒடியாக்காரரும் தமிழரும் ஜப்பானியரும் சேர்ந்து பழகட்டும். கற்றுக்கொள்ளும் சுமை எப்போதும் சம்பளம் குறைந்தவர் தலையிலேயே விழ வேண்டியதில்லை. மேனேஜரும் பல நாட்டு, பல மாநிலத்து ஆங்கிலத்தைக் கேட்டுப் புரிந்துகொள்ளப் பழக வேண்டும், அதுவும் மொழித்திறன்தான்.

மூன்றாவது, அரசுக்கு. 2022 மார்ச் 1 அன்று தொடங்கிய நான் முதல்வன் திட்டம் கல்லூரி மாணவர்களுக்குத் தொழில்திறனும் ஆங்கிலமும் கற்பிக்க வழி செய்திருக்கிறது. அதன் உச்சரிப்புப் பாடத்தைத் தமிழ் வாயிலிருந்து தொடங்கி எழுதுங்கள். குறில் நெடில் தெரிந்த பிள்ளைக்கு அதையே மறுபடி கற்பிக்காதீர்கள். வல்லினத்தின் வெடிப்பையும் அதிர்வையும் கற்பியுங்கள். தெலுங்கு வீட்டுப் பிள்ளைக்கு அந்த அதிர்வு ஏற்கெனவே தெரியும்; அதைச் சொல்லி அந்தப் பிள்ளையை வகுப்பில் தலைநிமிரச் செய்யுங்கள்.

ஸ்போக்கன் இங்கிலீஷ் மையங்களுக்கு ஒரே வேண்டுகோள். ஆக்சென்ட் என்ற சொல்லைத் தட்டியிலிருந்து எடுத்துவிட்டு, ‘நீங்கள் சொல்வது யாருக்கும் புரியும்’ என்று எழுதிப் பாருங்கள். அந்த வாக்குறுதியை நிறைவேற்ற முடியும். இப்போது கொடுக்கும் வாக்குறுதியை உங்களால் நிறைவேற்ற முடியாது. பதினெட்டு வயதுக்கு மேல் ஒரு மொழியின் ஒலியைத் தாய்மொழியாளரைப் போலவே பிடிப்பவர்கள் மிகக் குறைவு என்பது உங்களுக்கும் தெரியும். நிறைவேறாத வாக்குறுதிக்குப் பணம் வாங்குவதற்கு வேறு பெயர் உண்டு.

நேர்காணல் மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவர்களுக்குச் சொல்கிறேன். எதிரே இருக்கும் பிள்ளையின் ஆங்கிலத்தில் தமிழ் வாடை அடிக்கும், அடிக்கட்டும். அளவுக் கருவி எது, கூண்டு எது என்று உங்களுக்குப் புரியும்படி சொல்கிறதா? பதினைந்தையும் ஐம்பதையும் பிரித்துச் சொல்கிறதா? உங்கள் கேள்வி புரியாதபோது திருப்பிக் கேட்கிறதா? மூன்றுக்கும் ஆம் என்றால் மேற்கொண்டு எதுவும் யோசிக்காதீர்கள். வேலையைக் கொடுங்கள்.